கதவை அடைக்கும் பாடம்

பெங்களூர்
8.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பூர்ணிமா வணக்கத்தோடு எழுதுவது. நானும் குழந்தையும் நலம். அண்ணனுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் இது அரவை நேரம், உட்காரவே விடமாட்டார்களே. உங்கள் காதுக்கு வாங்கிய மெஷினை மாட்டுகிறீர்களா, இல்லை பீரோவில் பூட்டி வைத்துவிட்டீர்களா?

போன் செய்தால் நான் கத்துகிறேன், நீங்கள் "ஆங்? ஆங்?" என்கிறீர்கள், கடைசியில் அண்ணன் வாங்கி "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கடிதம் என்றால் நீங்கள் நாலு பக்கம் எழுதுவீர்கள். அதனால்தான் இந்தத் தபால்தலைச் செலவு.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனிக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. உங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளில், அதாவது உங்கள் செராமிக் செட்டுகளில், வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் தயாரிக்க வேண்டும். ஆறு பாடம். டேப்லெட்டில் படத்தோடும் குரலோடும் ஓடும். வடக்கே எங்கோ ஒரு சூளையில் ஆள் உள்ளே நிற்கும்போதே கதவை அடைத்துப் பற்றவைத்துவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வேலை கொடுத்தவர்கள் அவசரப்படுகிறார்கள். மூன்றாம் பாடம் சூளைக் கதவை அடைப்பது பற்றி. அது சரியாக அமையாவிட்டால் மற்ற ஐந்தும் வீண்.

என் தொழிலில் முதல் விதி, பாடத்தை எழுதுமுன் படிக்கப் போகிறவரைத் தெரிந்துகொள்வது. அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும், எங்கே உட்கார்ந்து படிப்பார், அங்கே வெளிச்சம் எப்படி, சத்தம் எப்படி, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்றெல்லாம். இங்கே ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு என்ன தெரியும்? நீங்கள் பத்தொன்பது வருஷமாக அந்தச் செட்டில் இருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். முக்கியமாக, சூளைக் கதவை அடைப்பது யார்? அடைக்கும்போது என்ன சொல்வார்கள்?

அண்ணனை வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
பூர்ணிமா

*

விருத்தாசலம்
18.1.2024

அன்பு பூர்ணிமாவுக்கு,

பழமலைநாதர் புண்ணியத்தில் எல்லாரும் நலம். பொங்கல் வேலை ஓய்ந்து இன்றுதான் உட்கார்ந்தேன். உன் அண்ணனின் முழங்கால் வலி, வேலைக்குப் போகும்போது வருகிறது, கிரிக்கெட் பார்க்கும்போது போய்விடுகிறது. காது மெஷின் பீரோவில் இல்லை, அரிசி டப்பாவில் இருக்கிறது. மாட்டினால் களிமண் அரைக்கிற பால் மில் மண்டைக்குள்ளேயே உருள்கிற மாதிரி இருக்கிறது. இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதில் கால்வாசி மிச்சம். யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது, சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

நீ கேட்டதற்கு வருகிறேன். சூளைப் பக்கம் பதினாலு பெண்கள், என்னையும் சேர்த்து. ஒன்பது பேர் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். இரண்டு பேர் பத்தாவது. மூன்று பேருக்குக் கையெழுத்து மட்டும்தான். அதற்காக ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு "குழந்தைகளே" என்கிற குரலில் பேசினாயோ, எழுந்து போய்விடுவார்கள். கண்ணம்மாளுக்கு அ, ஆ தெரியாது. சூளைப் பொந்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று சொல்லுவாள், மீட்டர் தப்பினாலும் அவள் தப்பமாட்டாள்.

டேப்லெட்டா? எங்கள் விரல் முழுக்கக் களிமண் கூழ். தொட்டால் நகராது. சூப்பர்வைசர் அன்பரசன் ஒரு தடவை போனில் ஏதோ காட்டவந்து, பதினாலு பேரும் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியை வெள்ளையாக்கிவிட்டோம். உட்காருவது தகரக் கொட்டகையில். மத்தியானம் தகரம் கொதிக்கும். மில் ஓடும்போது எமன் வந்து கூப்பிட்டாலும் கேட்காது. ஒன்றரையிலிருந்து இரண்டு மணி வரை மில்லை நிறுத்துவார்கள். அந்த அரைமணிதான் மனுஷக் குரல். அதற்குள் சாப்பிட்டு, தலை சாய்த்து, ஊர்வம்பும் பேச வேண்டும். உன் பாடத்தை அதில் எங்கே சொருகுவாயோ பார்த்துக்கொள்.

அஞ்சரைக்கு மணி அடிப்பார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கலைந்துவிடுவோம்.

குழந்தைக்கு என் முத்தம். குளிரில் வெறுங்காலோடு விடாதே.

உன் அண்ணி
ஆதிலட்சுமி

*

பெங்களூர்
29.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். களிமண் விரல் என்ற ஒரு வரிக்காகவே எங்கள் பாடத்தைப் பாதி மாற்றிவிட்டோம். தொடவே வேண்டாம், தானாக ஓடும். ஒரு பாடம் ஏழே நிமிஷம். குழந்தைக்குச் சளி, மற்றபடி சுகம்.

இரண்டு சந்தேகம். கதவை அடைப்பது யார் என்று கேட்டிருந்தேன், அதை மட்டும் விட்டுவிட்டீர்கள். இன்னொன்று, சொல்லிக்கொள்ளாமல் போவீர்கள் என்று எழுதியது என்னை உறுத்துகிறது. நம் பக்கத்தில் எதிர்வூட்டுக்கு மோர் வாங்கப் போனால்கூட "வரேன்" என்று சொல்லாமல் கிளம்பமாட்டோம். "போறேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் "வாயைக் கழுவு, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அம்மா அடிக்க வருவார். பதினாலு பேருக்குள்ளும் சண்டையா?

இத்துடன் பதினாலு தாள் வைத்திருக்கிறேன். பேர் எழுத வேண்டாம். படத்தில் டிக் அடித்தால் போதும். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுத வேண்டும், அல்லது யாராவது கேட்டு எழுதிக்கொடுக்கலாம்: "சூளைக் கதவை அடைக்கும் முன் என்ன சொல்வீர்கள்?"

அண்ணனுக்கு என் அன்பு.

உங்கள்
பூர்ணிமா

*

விருத்தாசலம்
22.2.2024

அன்பு பூர்ணிமாவுக்கு,

நலம். குழந்தையின் சளிக்கு ஓமவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து கொடு, டாக்டரிடம் ஓடாதே.

தாள் பதினாலும் அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே, வேலை இருந்தது.

நீ எழுதப்போகும் மூன்றாம் பாடத்தில் படம் மட்டும் வை. வாய்விட்டுக் கூப்பிடுகிற மாதிரி ஒன்றும் வேண்டாம்.

அண்ணி
ஆதிலட்சுமி

*

பெங்களூர்
4.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். ஓமவல்லி வேலை செய்தது, டாக்டருக்குப் போகவில்லை. நீங்கள் சுகமா? நாலு பக்கம் எழுதுகிறவர் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள், அதனால் கேட்கிறேன்.

தாள்களைப் பார்த்தேன். பத்துக் கேள்விக்கு எல்லாரும் அழகாகப் பதில் கொடுத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதினாலு தாளிலும் ஒன்றுமில்லை. ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு தாளில் அந்தக் கோட்டின் மேல் களிமண் கட்டைவிரல் ரேகை அழுந்தியிருக்கிறது, யாரோ எழுத்தை மூடுகிற மாதிரி. பதினாலு பேர் ஒரே இடத்தைக் காலியாக விட்டதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் முதுகு சில்லிட்டது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் மேலாளர் சிரித்தார். "ஒன்றும் சொல்லும் பழக்கம் இல்லை என்று அர்த்தம். பழக்கம் இல்லாததைத்தானே நாம் கற்றுத்தர வேண்டும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதனால் உங்கள் சொல்லை மீறிக் குரல் வைத்திருக்கிறேன், மன்னியுங்கள். கதவை அடைக்கிறவர் "அடைக்கப் போறேன், உள்ள யாரு?" என்று கேட்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் "வரேன்!" என்று பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் வெளியே வந்து நின்ற பிறகுதான் கதவில் கை. புதுச் சொல் எதையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை பாருங்கள். படிக்கிறவர் வாயில் ஏற்கனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்கு என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

கேள்வி கேட்கும் குரல் என்னுடையதுதான். டேப்லெட் அடுத்த வாரம் அன்பரசன் கைக்கு வரும். ஒன்றரை மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
பூர்ணிமா

*

பெங்களூர்
2.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? கடிதம் இல்லை. அண்ணனிடம் கேட்டால் "அவ சரியா சாப்புட்றது இல்ல, கேட்டா ஒண்ணுமில்லங்கிறா" என்கிறார்.

நேற்று அன்பரசன் போன் செய்தார். "மேடம், மூணாவது பாடம் போட்டோம். பாதியில எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. டேப்லெட்டு கீழ வுழுந்து கண்ணாடி போயிருச்சு. பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்." ஏன் ஓடினார்கள் என்று கேட்டேன். "அத உங்க அண்ணியையே கேளுங்க" என்றார்.

கேட்கிறேன். பாடத்தில் தப்பு என்றால் திருத்தத்தான் நான் இருக்கிறேன். கோபமாக இருந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
பூர்ணிமா

*

விருத்தாசலம்
9.4.2024

பூர்ணிமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ சுகம்தானே.

கோபம்தான். வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் ஏன் என்று யோசிக்க மாட்டாயா? பெரிய படிப்புப் படித்தவளே, எங்கிருந்து பிடித்தாய் அந்தக் குரலை?

மில்லை நிறுத்தியிருந்தார்கள். பதினாலு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். நான் முன்வரிசை. படம் ஓடியது. நீ பேசியது எனக்குக் கேட்கவில்லை. மெஷின் போடவில்லை, உன் குரல் எனக்கு எப்போது கேட்டிருக்கிறது? படத்தில் ஒரு பொம்மைப் பெண் கதவுக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து மூடினாள். அவள் கேட்டு முடித்ததும் "வரேன்" என்று கேட்டது.

எனக்குக் கேட்டது, பூர்ணிமா. இடது காதில் கேட்டது. பத்து வருஷமாகச் செத்துப்போன காது. சத்தம் போட்டுக்கூட இல்லை. வேலையெல்லாம் முடித்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டே சொல்வோமே, அந்த மாதிரி.

கண்ணம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். "ஆதி, இது அவதான?" என்றாள். அவ்வளவுதான், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். டேப்லெட்டைத் தட்டிவிட்டது நான்தான், வேறு யாரையும் கேட்காதே.

அவள் யார் என்றும் கேட்காதே. அந்தக் குரலை மட்டும் எடுத்துவிடு.

ஆதிலட்சுமி

*

பெங்களூர்
15.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகமா? எனக்கு இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கம் இல்லை.

குரலை எடுக்கச் சொன்னீர்கள். எடுக்க முடியவில்லை, அண்ணி. எடுப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பாடத்தை நான் அமைத்தது இப்படி. என் குரல் கேள்வி கேட்கும். பிறகு நாலு வினாடி வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த நாலு வினாடியில் படிக்கிறவர்கள்தான் "வரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அதை நான் பதிவு செய்யவே இல்லை. உங்கள் கடிதம் வந்ததும் ஒலிப்பதிவைத் திறந்து பார்த்தேன். குரல் இருக்கும் இடத்தில் அலை அலையாகத் தெரியும். அந்த நாலு வினாடியில் நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு. ஒலிப்பதிவு செய்யும் நடேஷையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "எம்ப்ட்டியாத்தான் இருக்கு" என்றான்.

அன்பரசனுக்குப் போன் செய்தேன். பதினாலு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்றார். அவருக்கும் கேட்டதா என்றேன். வேறு பேச்சுப் பேசி வைத்துவிட்டார்.

கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். அவள் யார்? இரண்டு கடிதத்தில் நான் கேட்டும் நீங்கள் பதில் சொல்லாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கதவை அடைப்பது யார்?

உங்கள்
பூர்ணிமா

*

விருத்தாசலம்
20.5.2024

அன்பு பூர்ணிமாவுக்கு,

நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு கிழிக்க முடியாது.

கதவை அடைப்பது நான். அன்றும் நான்தான்.

அவள் பேர் திரௌபதி. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். ரிஜிஸ்டரில் பேர் கிடையாது, ஆள் குறைந்தால் கூப்பிடுகிற ஆள். 2018 மாசி மாதம். சூளைக்குள் பியூஸ் கட்டை, கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் கட்டை, அடுக்கியிருந்தோம். மணி அஞ்சரை அடித்துவிட்டது. ஒவ்வொருத்தியாக "வரேன்க்கா", "வரேன்க்கா" என்று கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று "அடைச்சிடலாமா?" என்று கேட்டேன். மில் இரைச்சலுக்கு நடுவே "வரேன்" என்ற ஒரு சொல் மட்டும் திரௌபதி குரலில் காதில் விழுந்தது.

எனக்கு ஒரு காதுதான். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாது. அவளும் கிளம்பிவிட்டாள், சொல்லிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளே பின்வரிசையில் நின்றுகொண்டு "இருங்க, வரேன்" என்று சொல்லியிருக்கிறாள். நான் "சரி, போயிட்டு வா" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். ஆறு மணிக்கு, மில் இரைச்சல் ஓயும் முன்பே, பர்னர் பற்றவைத்தார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து தேடி வந்தார்கள். கேட் வழியாகப் போனாளா என்று யாருக்கும் நிச்சயமில்லை. லாரி டிரைவர் ஒருத்தனோடு பார்த்தேன் என்று எவனோ ஒருவன் கிளப்பிவிட்டான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மூலையில் தெரியும். தெரியாது என்று வைத்துக்கொண்டேன். லாரிக்காரனோடு போயிருக்கட்டும், நன்றாக இருக்கட்டும் என்று சாமியிடம்கூடக் கேட்டேன், பாவி.

மூன்றாம் நாள் சூடு ஆறிக் கதவைத் திறந்தோம். சூளைத் தரையில் எப்போதும் வெள்ளைத் தூள் கிடக்கும். அன்றும் கிடந்தது, பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. கூட்டி அள்ளியது நான்தான். பின்வரிசையில் ஒரு பியூஸ் கட்டையின் மேல் பச்சையாக ஒரு சொட்டு. மேல்பூச்சு நாங்கள் வெள்ளை மட்டும்தான் போடுவோம். அது கண்ணாடி உருகிய சொட்டு. பச்சைக் கண்ணாடி வளையல் அங்கே அவள் ஒருத்திதான் போடுவாள். கண்ணம்மாளும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கட்டை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, அஞ்சரைக்கு யாரோ ஒருத்தி "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். மூடிய சூளைப் பக்கத்திலிருந்து அதே மாதிரி "வரேன்" என்று பதில் வந்ததாம். பிறகு இன்னொருத்திக்கு. அதிலிருந்து எங்கள் செட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. பயம் அதோடு நிற்கவில்லை. உள்ளே யாரு என்று கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று கேட்பதையும் விட்டுவிட்டோம். உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கதவைத் தள்ளுகிறேன். ஆறு வருஷமாக இப்படித்தான்.

நேற்று அப்படித்தான் தள்ளினேன். கதவு பாதியில் நின்றது. பார்த்தால் கண்ணம்மாளின் கை. உள்ளே இருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட அவளுக்குப் பயம். கூப்பிட்டாலும் எனக்குக் கேட்டிருக்காது. அவள் என்னைத் திட்டவில்லை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சொல், பெரிய படிப்புக்காரி. இதற்கு என்ன பாடம் வைத்திருக்கிறாய்?

ஆதிலட்சுமி

*

பெங்களூர்
27.5.2024

என் அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். முதலில் ஒன்று. இனிமேல் நீங்கள் அந்தக் கதவைத் தொடாதீர்கள். அன்பரசனிடம் பேசிவிட்டேன்.

நான் உங்களைப் பற்றி எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். என்ன தெரியும், என்ன படிப்பு, எங்கே உட்காருவார்கள், விரலில் என்ன ஒட்டியிருக்கும், எல்லாம் இருக்கிறது. எதற்குப் பயப்படுகிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பதினாலு பேர் ஒரு கோட்டைக் காலியாக விட்டு எனக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தெரியாமல் விட்டார்கள் என்று படித்தேன். நானும் காதில் விழுந்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டவள்தான், அண்ணி.

மூன்றாம் பாடத்தைக் கிழித்துவிட்டேன். புதிதில் ஒரு சொல்லும் கிடையாது. ஆளுக்கு ஒரு நிறத்தில் துணி. சூளைக்குள் போகிறவள் தன் துணியைத் தாழ்ப்பாளில் முடிந்துவிட்டுத்தான் போக வேண்டும். முடிச்சு இருக்கும்வரை தாழ்ப்பாள் நகராது. முடிந்தவளே வந்து அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் அடைக்கிறவள் டார்ச்சோடு உள்ளே போய் நாலு மூலையையும் பார்க்க வேண்டும். காதை நம்ப வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும்.

செட்டுக்கு இது போதும். உங்களுக்குப் போதாது. திரௌபதிக்கு அம்மா இருந்தால் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். போலீஸ், முதலாளி, ஊர் வாய் எல்லாம் வரும், தெரிந்தேதான் சொல்கிறேன். எட்டாம் தேதி வருகிறேன். கூட நிற்கிறேன். தயவுசெய்து சாப்பிடுங்கள்.

உங்கள்
பூர்ணிமா

*

விருத்தாசலம்
5.6.2024

அன்பு பூர்ணிமாவுக்கு,

சுகமாக இரு. உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். உனக்கும் காத்திருக்கவில்லை, கோபிக்காதே. நீ கூட வந்தால் நீ பேசியிருப்பாய், நான் தலையாட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

இதைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறாராம், இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் திரௌபதியின் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலையில் அவர்கள் ஊருக்குப் போனேன். மெஷினை மாட்டிக்கொண்டு போனேன். அவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தப்பக் கூடாது. வாசல் கதவு திறந்து கிடந்தது. செட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடிக்காமலே சொன்னேன். மணி அடித்தது, கேட்டது, தாழ்ப்பாள் போட்டது, கூட்டியது, எல்லாம். அந்தக் கட்டையைக் கையில் கொடுத்தேன். பச்சைச் சொட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். "அப்ப எம் பொண்ணு ஓடிப்போவலியா?" என்று கேட்டார்கள். இல்லம்மா என்றேன். எழுந்து தெருவுக்கு ஓடினார்கள். "ஏய், எல்லாரும் கேளுங்க! எம் பொண்ணு ஓடிப்போவல! எவன்கூடவும் ஓடிப்போவல! வேலக்கிப் போன எடத்துலதான் கெடந்தா!" தெருவே வந்து நின்றது. ஆறு வருஷமாக ஒரு கல்யாணம் காட்சிக்கு அவர்களை யாரும் கூப்பிட்டதில்லையாம். அப்படியே வாசலில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு மெல்லச் சொன்னார்கள். "சாயங்காலமானா வாசல்ல வந்து வரேங்கிறாம்மா. ஆறு வருசமா சொல்றா. வூட்டுக்கு வரேங்கிறாளா, போயிட்டு வரேங்கிறாளா, எனக்குப் புரியல. அதான் ராவும் பகலும் கதவச் சாத்தாமப் போட்டு வெச்சிருக்கேன்."

ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் அம்மா, நானே போகிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றேன். "எம் பொண்ணு வெவகாரம், நான் வராமயா?" என்று உள்ளே போய் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். படியிறங்கியவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கதவ நீயே சாத்திட்டு வா" என்றார்கள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கதவுக்கு அடியில் மண் ஏறி இறுகியிருந்தது. நான் கதவில் கை வைக்காமல் உள்ளே போனேன். கூடத்தைப் பார்த்தேன். சமையற்கட்டு, கட்டிலுக்கு அடி, நெல் மூட்டைக்குப் பின்னால், கொல்லைப்பக்கம், ஒவ்வொரு மூலையாகக் கண்ணால் பார்த்தேன், பூர்ணிமா. யாரும் இல்லை. வாசலுக்கு வந்து, "அம்மா கிளம்பிட்டாங்க, நீயும் வெளிய வந்துடு திரௌபதி" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். சுவரோடு ஒட்டி, ஒரு ஆள் போக வழிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குப் பிறகுதான் சாத்தினேன்.

உன் அண்ணி
ஆதிலட்சுமி